எங்கேயும் போகாத கப்பல்

"இது எங்கடா போவுது?" என்று அம்மா கேட்டாள்.

மயாமி துறைமுகத்தில், எங்கள் குரூஸ் கப்பலின் ஒன்பதாம் தளத்து பால்கனியில் நின்றுகொண்டிருந்தோம். கயிறுகளை இன்னும் அவிழ்க்கவில்லை. கீழே ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் பழப்பெட்டிகளைக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தன. செல்பேசியில் பயணத்திட்டத்தைப் பார்த்து மூன்று தீவுகளின் பெயர்களைச் சொன்னேன்.

"அப்பறம்?"

"அப்பறம் திரும்ப இங்கயேதான்மா. அடுத்த சனிக்கிழமை காலைல இதே எடத்துல வந்து நிக்கும்."

அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். "கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதுக்கா இவ்வளவு காசு கட்டுனே?"

என் மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அம்மா அதை வேடிக்கையாகக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த கப்பல் வேறு. அது எங்காவது போய்ச் சேரும். பல வருடங்கள் திரும்பி வராது.

அம்மாவின் அப்பா, என் தாத்தா, 1951ல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். அங்கே ஒரு மளிகைக்கடையில் கணக்கு எழுதினார். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கோடாலித் தைலமும் கைலியும் நிறைந்த தகரப்பெட்டியோடு வருவார், சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பப் போவார். அம்மாவுக்கு எட்டு வயதில் அவரை வழியனுப்பப் போனது நினைவிருக்கிறது. நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏறவேண்டும். படகில் அப்பா சின்னதாகிக்கொண்டே போனதும், அந்தக் கூட்டத்தில் எது அப்பாவின் தலை என்று தெரியாமல் போனதும்தான் அவளுடைய கப்பல்.

ரஜுலா 1926ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய ஐம்பது வருடம் ஒரே தடத்தில் ஓடியது. மேலே சில டஜன் பேருக்குக் கேபின்கள். மற்றவர்கள் எல்லாரும் டெக் பயணிகள். தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் அவன் இடம். பக்கத்தில் பெட்டி, தலைமாட்டில் சொம்பு.

நான் பால்கனி வைத்த அறையை எடுத்ததற்கு உண்மையான காரணம் இதுதான் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். உள்ளறை எடுத்திருந்தால் பாதிக் காசுதான். தாத்தா பாய் விரித்துப் படுத்த கடலில் (அது வேறு கடல்தான், இருந்தாலும்) அவர் மகளை மேலே, வெள்ளை விரிப்பில் உட்கார வைக்கவேண்டும் என்று ஒரு வீம்பு.

*

லைனர் என்ற சொல்லிலேயே லைன் இருக்கிறது. இரண்டு துறைமுகங்களுக்கு இடையே ஒரு கோடு. குறிப்பிட்ட நாளில் கிளம்பி, அலை எப்படி இருந்தாலும் குறிப்பிட்ட நாளில் போய்ச் சேரவேண்டும். அதனால் அதன் உடல் நீளமாக, ஒல்லியாக, ஆழமாக இருக்கும். வட அட்லாண்டிக்கின் குளிர்கால அலையைக் கிழித்துக்கொண்டு போகிற உடல். குரூஸ் கப்பல் அகலமாக, உயரமாக, நீருக்குள் அதிக ஆழம் இல்லாமல் இருக்கும். வானிலை சரியில்லை என்றால் அது பாதையை மாற்றிக்கொள்ளலாம். ஒரு தீவுக்குப் பதில் இன்னொரு தீவு. யாரும் யாருக்காகவும் அங்கே காத்திருக்கவில்லை.

கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் குவீன் மேரி கப்பல் இன்று ஒரு ஹோட்டலாக நிற்கிறது. அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போனபோது உள்ளே போய்ப் பார்த்தேன். 1936ல் முதல் பயணம் போன கப்பல் அது. அதன் முதல் வகுப்புச் சாப்பாட்டு அறையின் சுவரில் வட அட்லாண்டிக்கின் பெரிய வரைபடம் இருக்கிறது. அதில் ஒரு சின்னக் கண்ணாடிக் கப்பல். உண்மையான கப்பல் நகர நகர அதுவும் நகரும். சூப் குடித்துக்கொண்டே, நாம் இப்போது எங்கே இருக்கிறோம் என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்து லைனர்களில் பொழுதுபோக்கே தூரம்தான். தினமும் நண்பகலில், கடந்த ஒருநாளில் கப்பல் எத்தனை மைல் ஓடியது என்று எழுதிப் போடுவார்கள். அந்த எண்ணின்மேல் பயணிகள் பந்தயம் கட்டுவார்கள். காலையில் டெக் நாற்காலியில் கம்பளி போர்த்திப் படுத்திருப்பவர்களுக்குச் சூடான சூப் வரும். இரவு விருந்துக்கு உடை மாற்றவேண்டும். இந்தப் படங்களைத்தான் நாம் லைனர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அந்தப் படங்களுக்குக் கீழே வேறு தளங்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அட்லாண்டிக் லைனர்களுக்குப் பெரும் வருமானம் தந்தவர்கள் ஸ்டீயரேஜ் பயணிகள். இத்தாலியிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ரஷ்யாவின் யூதக் குடியிருப்புகளிலிருந்தும் பிழைக்கக் கிளம்பியவர்கள். மேலே இருந்த பளிங்குக்கும் மரவேலைப்பாட்டுக்கும் அவர்கள் டிக்கெட்டும் சேர்ந்துதான் பணம் கொடுத்தது. நியூயார்க்கில் இறங்கும்போது முதல், இரண்டாம் வகுப்புக்காரர்களைக் கப்பலிலேயே பரிசோதித்து அனுப்பிவிடுவார்கள். ஸ்டீயரேஜ்காரர்களை மட்டும் படகில் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோவார்கள்.

இதைப் படித்தபோது தாத்தா சொன்னது நினைவுக்கு வந்தது. "கேபின்காரன் நேரா எறங்கிப் போயிடுவான். நம்மளத் தீவுல கொண்டுபோய் வெச்சுருவான்." பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவு, சிங்கப்பூருக்குப் பக்கத்தில் செயின்ட் ஜான்ஸ் தீவு. அங்கே தனிமை முகாம்கள் இருந்தன. அட்லாண்டிக்கிலும் வங்கக்கடலிலும் ஒரே வழக்கம். மேல்தளத்துக்காரனுக்கு ஊர், கீழ்த்தளத்துக்காரனுக்கு முதலில் தீவு.

1921லும் 1924லும் அமெரிக்கா குடியேற்றத்துக்கு ஒதுக்கீட்டுச் சட்டங்கள் கொண்டுவந்தது. கீழ்த்தளங்கள் காலியாயின. கப்பல் கம்பெனிகள் அந்தப் பழைய இடங்களைச் சுத்தம் செய்து, வண்ணம் அடித்து, டூரிஸ்ட் மூன்றாம் வகுப்பு என்று பெயர் வைத்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விற்றன. பிழைக்கப் போகிறவன் படுத்த இடத்தில் சுற்றிப் பார்க்கப் போகிறவன் வந்து படுத்தான். குரூஸ் கப்பலின் கதை அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

*

இரண்டாம் நாள் காலை பதினோரு மணி ஆகியும் எங்கள் அறையைச் சுத்தம் செய்யவில்லை. காலைச் சாப்பாடு முடித்து வந்த அம்மாவுக்குப் படுக்கவேண்டும். குளியலறைத் துண்டுகள் ஈரமாகக் கிடந்தன. செல்பேசியில் கப்பலின் செயலி, "இன்று எங்கள் சேவை எப்படி?" என்று கேட்டது. ஐந்தில் மூன்று நட்சத்திரம் தட்டினேன். "அறை சுத்தம் செய்வதில் தாமதம்" என்று ஒரு வரி எழுதினேன். ஒரு நிமிட வேலை.

அந்த மாதிரிப் பெட்டிகளை நானே செய்திருக்கிறேன். பத்து வருடமாக அதுதான் தொழில். மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே தட்டினால் என்ன ஆகும், மூன்றென்றால் என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் யாருக்குத் தகவல் போகும் என்று விதிகள் எழுதியிருக்கிறேன். அந்த விதிகளின் மறுமுனையில் ஆள் ஒருவர் நிற்பதை நேரில் பார்த்ததில்லை.

அரைமணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சூப்பர்வைசர். அவருக்குப் பின்னால் எங்கள் அறைப் பணியாளர். இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டார், பழத்தட்டு ஒன்றைக் கொடுத்தார். பின்னால் நின்றவரும் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம், "என்னடா சொல்றாங்க? அந்தப் புள்ள ஏன் இப்புடி நிக்கிறான்?" என்றாள்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். அப்போது ஒன்றும் பேசவில்லை. சூப்பர்வைசர் போனபின் ஐந்து நிமிடம் கழித்துத் தனியாக வந்தார். "அம்மா, தமிழா? நான் தூத்துக்குடி."

காலையில் ஊழியர்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி இருந்ததாம். எல்லாரும் போய்த்தான் ஆகவேண்டும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு யாரும் கணக்கில் கழிவு தரமாட்டார்கள். பதினெட்டு அறைகள். "பரவால்லண்ணே, நீங்க எழுதுனது தப்பில்ல. லேட்டாயிட்டுல்லா" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் போனபின் அம்மா கேட்டாள். "நீ எழுதிப் போட்டியா?"

"ஆமாம்மா."

அன்று சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை.

மறுநாள் விடிகாலையில் அம்மா எழுந்து தன் படுக்கையை மடித்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, எங்கள் படுக்கையையும் எங்களை எழுப்பி மடித்துவைத்தாள். குளியலறைத் தரையைத் துடைத்தாள். "அந்தப் புள்ளைக்கி ஒரு ரூமாவது கொறையட்டும்" என்றாள். இரண்டு நாள் இப்படி நடந்தது. மூன்றாம் நாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அம்மா, நீங்க மடிச்சு வெச்சா, நான் வேலையே செய்யலன்னு நெனச்சுருவாங்க. சூப்பர்வைசர் வந்து பாக்கும்போது எங்க முறைல மடிச்சிருக்கணும்."

அம்மா ஒரு நிமிடம் நின்றாள். பிறகு போய், மடித்த படுக்கையைக் கலைத்துப் போட்டாள்.

*

கப்பலுக்குக் கீழே ஒரு ரோடு இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். முன்னாலிருந்து பின்னால்வரை நீளமான நடை. பல குரூஸ் கப்பல்களில் ஊழியர்கள் அதை ஐ-95 என்று அழைப்பார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையின் பெயர். அதன் இரண்டு பக்கமும் சலவையறை, சமையலறைக் கிடங்கு, இருவர் படுக்கும் அடுக்குக் கட்டில் அறைகள். அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒன்பது மாத ஒப்பந்தம். வார விடுமுறை என்று ஒன்று இல்லை.

"அப்ப கடலையே பாக்க மாட்டியாப்பா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒங்க ரூம் பால்கனியத் தொடைக்கும்போது பாப்பேம்மா."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே உடலில் லைனராகவும் குரூஸ் கப்பலாகவும் வாழ்ந்த ஒரு கப்பலைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் சொந்தத் துறைமுகமும் இதே மயாமிதான்.

1962 பிப்ரவரியில் 'ஃபிரான்ஸ்' என்ற பெயரில் அது லு ஹாவ்ரிலிருந்து நியூயார்க்குக்கு முதல் பயணம் போனது. 315 மீட்டர் நீளம், சுமார் 66,000 டன், நான்கு உந்திகள், 30 நாட் வேகம். ஐந்து நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தது. சுமார் இரண்டாயிரம் பயணிகள், இரண்டு வகுப்புகள். நாய்களுக்குக்கூட மேலே தனி இடம். அவை காலைத் தூக்குவதற்கு பிரெஞ்சு நாய்களுக்கு ஒரு மைல்கல்லும் அமெரிக்க நாய்களுக்கு ஒரு தீயணைப்புக் குழாயும் வைத்திருந்தார்கள். ஆனால் அது தாமதமாகப் பிறந்த கப்பல். 1958 அக்டோபரிலேயே அட்லாண்டிக்குக்கு மேலே ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன. ஐந்து நாள் பயணம் ஏழெட்டு மணி நேரமானது. 1974ல், எண்ணெய் விலையும் ஏறியிருந்த நேரத்தில், பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தியது. சேவை முடிகிறது என்று தெரிந்ததும் ஊழியர்கள் லு ஹாவ்ர் துறைமுக வாயிலிலேயே கப்பலைக் கைப்பற்றி நிறுத்தினார்கள். பலிக்கவில்லை. சில வருடங்கள் ஒரு மூலையில் கட்டிக்கிடந்தது.

1979ல் ஒரு நார்வே கம்பெனி அதை வாங்கி 'நார்வே' என்று பெயர் மாற்றியது. ஜெர்மனியில் நடந்த மாற்றங்களைப் படிக்கும்போது, பழைய மென்பொருளைப் பிரித்து வேறு வேலைக்குத் திருப்புகிற எங்கள் தொழில்தான் நினைவுக்கு வந்தது. இனி வேகம் வேண்டாம். முன்பக்க எஞ்சின் அறையை நிறுத்தினார்கள். நான்கு உந்திகளில் இரண்டைக் கழற்றினார்கள். வகுப்புத் தடுப்புகளை எடுத்தார்கள். கரீபியன் தீவுகளின் துறைமுகங்களுக்கு அதன் அடிப்பாகம் மிக ஆழம். எனவே பயணிகளைக் கரைக்குக் கொண்டுபோக இரண்டு பெரிய படகுகளை முன்தளத்தில் ஏற்றினார்கள். நாகையில் தாத்தா படகில் போய் ரஜுலா ஏறியதைத் திருப்பிப் போட்டதுபோல.

கண்ணாடி போட்டு மூடிய இரண்டு உலாவும் தளங்களுக்கு வைத்த பெயர்கள் எனக்கு மறக்காது. ஒன்று ஃபிஃப்த் அவென்யூ, மற்றது ஷான்ஸ் எலிஸே. பிரான்ஸையும் நியூயார்க்கையும் இணைத்த கப்பல் இரண்டு இடங்களுக்குமான வழக்கமான ஓட்டத்தை விட்டுவிட்டு, இரண்டையும் கடைத்தெருக்களாகத் தனக்குள் வைத்துக்கொண்டது. அம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் அதில் இருக்கிறது. இந்தக் கப்பல் எங்கே போகிறது? தனக்குள்ளேயே போகிறது.

2003 மே 25 அன்று மயாமியில் நின்றுகொண்டிருந்தபோது நார்வேயின் பாய்லர் வெடித்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். எட்டுப் பேரும் ஊழியர்கள். பயணிகளில் ஒருவருக்கும் ஆபத்தில்லை. அதன்பிறகு அது பயணிகளை ஏற்றவில்லை. 2006ல் 'ப்ளூ லேடி' என்ற பெயரில் குஜராத்தின் அலாங் கடற்கரையில் கரையேற்றப்பட்டது. உள்ளே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் பற்றி வழக்கு நடந்து, 2007ல் உச்ச நீதிமன்றம் உடைக்க அனுமதி தந்தது. அலாங்கில் கப்பல் உடைப்பவர்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஷான்ஸ் எலிஸேயில் கடைசியாக நடந்தவர்கள் அவர்கள்தான்.

லைனர்கள் போய்விட்டன, வகுப்புகள் போய்விட்டன, இப்போது எல்லாரும் ஒரே பஃபேயில் சாப்பிடுகிறோம் என்று குரூஸ் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அதுவே பாதிப் பொய். எங்கள் கப்பலிலேயே மேல்தளத்தில் அட்டை காட்டினால் மட்டும் திறக்கும் கதவும், அதற்குப் பின்னால் தனி நீச்சல் குளமும் இருந்தன. ஆனால் எனக்குத் தோன்றியது வேறு. பிழைப்புக்காகக் கடலில் போகிறவன் கப்பலைவிட்டு இறங்கவே இல்லை. ஸ்டீயரேஜில், டெக்கில் பயணியாகப் படுத்திருந்தவன் இன்று அதே கீழ்த்தளத்தில் ஊழியராகப் படுத்திருக்கிறான். அன்று டிக்கெட் வாங்கினான், இன்று சம்பளம் வாங்குகிறான். பெரும்பாலான குரூஸ் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அமெரிக்கர்களை ஏற்றிக்கொண்டு திரிந்தாலும் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டம் பெரும்பாலும் அவன்வரை எட்டாது.

சுலபமாகத் தீர்ப்புச் சொல்லவும் முடியவில்லை. தாத்தாவின் பினாங்குச் சம்பளத்தில்தான் அம்மா பள்ளிக்கூடம் போனாள். தூத்துக்குடியில் அந்தத் தம்பியின் தங்கை நர்சிங் படிக்கிறாள். கப்பல் வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. நானும் பிழைக்கக் கடல் தாண்டியவன்தான். விமானத்தில் வந்ததால் எந்தத் தளத்தில் ஏறினேன் என்பதை மறந்திருந்தேன். அம்மாவை மேல்தளத்தில் உட்காரவைத்த இரண்டாம் நாளே மேல்தளத்துக்காரனைப்போல் மூன்று நட்சத்திரம் தட்டினேன்.

கடைசிநாள் இரவு அவர் துண்டில் ஒரு யானை செய்து கட்டிலில் வைத்திருந்தார். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

"ஊருக்கு எப்பப்பா போவே?"

யோசிக்கவே இல்லை. "இன்னும் நாப்பத்தி மூணு நாள்மா."

ஏழு நாளில் அந்தக் கப்பலில் எண்ணிக்கொண்டிருந்த ஒருவரை அப்போதுதான் பார்த்தேன். எங்களில் யாருக்கும் எந்தக் கடலில் இருக்கிறோம் என்றுகூடத் தெரியாது. அறைத் தொலைக்காட்சியில் ஒரு வரைபடம் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

செயலி மறுபடியும் கேட்டது. ஐந்து தட்டினேன். பெயரைப் போட்டு எழுதினேன். அது முந்தைய மூன்றை அழிக்குமா என்றால் அழிக்காது. சராசரியில் சேரும், அவ்வளவுதான். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

காலை எட்டரைக்கு இறங்கச் சொன்னார்கள். மதியம் அடுத்த கூட்டம் ஏறும். அதற்குள் பதினெட்டு அறைகளும் முடியவேண்டும். பைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபின் அம்மாவைக் காணவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைத் தலையணைமேல் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்தபின், வழக்கம்போலத் தன்னையறியாமல் இழுத்துவிட்டிருந்த விரிப்பைப் பார்த்தாள். நான்கு மூலையிலும் போய் நின்று, கவனமாக, அதைக் கலைத்துவிட்டு வந்தாள்.